வலது காலை மட்டும் பார்த்தவள்

ஓலீட்டா பிராத்தர் உட்கார்ந்து ஒரு கோப்பை காப்பியை முழுசாகக் குடித்து நான் பார்த்ததில்லை. பாதி குடிப்பாள், எழுந்து சன்னலுக்குப் போவாள், திரும்பி வந்து மீதியை நின்றபடியே விழுங்குவாள். என் வீட்டுக்கு வந்தால் பேசிக்கொண்டே என் துணிகளை மடித்து வைப்பாள். நான் ஏற்கெனவே மடித்து வைத்திருந்தால் அதைப் பிரித்து மறுபடி மடிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உடம்புக்குள்ள எலி ஏதும் ஓடுதா உனக்கு?" என்பேன்.

"ஓடினா பிடிச்சிருப்பேனே," என்பாள்.

எண்ணெய்க் கிணற்றுப் பம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் மகள். அவளுடைய தாத்தா ஒக்லஹோமாவில் புழுதிப் புயலுக்குப் பயந்து ஓடிவந்தவர். கலிபோர்னியாவில் இந்தப் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தைப் பார்த்து இறங்கினார், இங்கேயும் அதே புழுதி. ஓலீட்டா கேரட் கழுவும் ஷெட்டில் நின்றாள், பருத்தி லாரி ஓட்டினாள், ராய்ஸ் என்கிற ஒரு சோம்பேறியைக் கட்டிக்கொண்டாள். நெவாடாவில் மீன் பிடித்துவிட்டு வருகிறேன் என்று போன அந்த மகராசன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறான். மகள் ஜோலீனைத் தனி ஆளாக வளர்த்தாள். நாற்பது தாண்டிய பிறகு, விலங்குக் கணக்கெடுப்பு நடத்துகிற கேரின் ஒடானியிடம் பொறி தூக்கும் கூலியாகச் சேர்ந்தாள். இரண்டு வீடு தள்ளியிருந்த என்னையும் அதில் இழுத்துவிட்டாள். "டெல்ஃபினா, நீ வீட்டுல உக்காந்து யாரைத் திட்டப்போற, வந்து வெளியில திட்டு," என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

பிடிப்பது கங்காரு எலி. பேர்தான் எலி. நீளமான பின்னங்கால், உடம்பைவிட நீண்ட வால், வால் நுனியில் குஞ்சம், கன்னத்துக்கு வெளியே ரோமம் வைத்துத் தைத்த மாதிரி இரண்டு பை. அந்தப் பைக்குள் விதையைத் திணித்துக்கொண்டு தத்தித் தத்திப் போகும். எங்கள் உவர் நிலத்தில் இதில் இரண்டு ஜாதி. சின்ன ஜாதிக்குப் பின்னங்காலில் நாலு விரல். மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான், அதனால் அது இருக்கிற மண்ணில் கடப்பாரை போடச் சட்டம் லேசில் விடாது. கொஞ்சம் பெரிய ஜாதிக்கு அஞ்சு விரல். அது நிறைய இருக்கிறது, யாரும் சீந்துவதில்லை. அந்த அஞ்சாவது விரல் பாதத்தின் உள்பக்கம், சற்று மேலே, ரோமத்துக்குள் அரிசி நொய் அளவுக்கு ஒளிந்திருக்கும். ஊதி ரோமத்தைப் பிரித்தால்தான் கண்ணில் படும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஓலீட்டா சொல்வதை நான் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன். "நிறத்தை நம்பாதே. எந்த மண்ணுல புரண்டுச்சோ அந்த நிறம். மூஞ்சி அகலமா குறுகலா பாரு, பாதத்தோட நீளம் பாரு, காதைப் பாரு. ஆனா குட்டியா இருந்தா இந்த அளவெல்லாம் ஏமாத்தும். அப்ப விரல்தான். ரெண்டு காலும் பாரு. இதுங்க சண்டைக்காரப் பசங்க, கடிச்சுக்கும், விரல் போயிருக்கும்."

வருஷக்கணக்காக ஒடானியின் பர்மிட்டின் கீழ், ஒடானியின் பொறுப்பில் எலியைக் கையில் எடுத்தவள், தன் பேரிலேயே ஒரு பர்மிட்டுக்கு மனுப் போட்டிருந்தாள். அது வந்துவிட்டால் நாலு விரல் எலியைத் தானே தனியாகப் பிடிக்கலாம், தானே முடிவு சொல்லலாம். கேரட் ஷெட்டில் நின்றவளுக்கு அது எவ்வளவு பெரிய காகிதம் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள். ஒடானி நல்ல மாதிரியாக எழுதிக் கொடுத்திருந்தாள். எங்கள் ஊர்க் கணக்கெடுப்பு ஒன்றுதான் பாக்கி.

அங்கேதான் வந்தது வினை.

எங்கள் ஹார்லன் கார்னரில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் ஆர்செனிக். காய்ச்சினாலும் போகாது. பாத்திரம் கழுவலாம், குடிக்க முடியாது. பெட்ரோல் பங்க்கில் வெர்ஜில் ஸ்டைல்ஸ் வைத்திருக்கிற, தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷினில் கேன் கேனாகப் பிடித்து வந்து வாழ்கிறோம். ஜோலீன் அப்போது வாயும் வயிறுமாக அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். சொன்னாலும் கேட்காமல் கேனை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு படியேறுவாள், ஓலீட்டா பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடுவாள். பல வருஷம் மனுக் கொடுத்து, கெஞ்சி, கடைசியில் வேறொரு ஊரிலிருந்து நல்ல தண்ணீர்க் குழாய் கொண்டுவர அனுமதி கிடைத்தது. ஊரை ஒட்டிய உப்புச்செடிப் பொட்டல் வழியாகத்தான் அது வர வேண்டும். பொட்டலில் நாலு விரல் எலி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இருந்தால் வேலை நிற்கும், வேறு வழி தேட வேண்டும், அது எப்போது முடியும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஒடானி முதலிலேயே கேட்டாள். "ஓலீட்டா, இது உன் ஊர் விஷயம். வேற ஆளை வச்சுப் பார்த்துக்கிறேனே."

"என்னை வேணாம்னு யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை. பின்னால சொல்லுவாங்களோன்னு பார்க்கிறேன்."

"சொல்ற மாதிரி நான் வச்சுக்க மாட்டேன்," என்றாள் ஓலீட்டா. அந்த வீறாப்பு பேசியிருக்க வேண்டாம். நானாயிருந்தால் காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன்.

வேலை தொடங்குமுன் வெர்ஜில் கடையில் கேன் பிடிக்க நின்றோம். வெர்ஜில்தான் ஊர்த் தண்ணீர்க் கமிட்டிக்குத் தலைவன். கேன் விற்கிறவனே குழாய் கேட்கிறான் என்றால் எங்கள் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஏம்மா ஓலீட்டா, உனக்கு எத்தனை வரைக்கும் எண்ணத் தெரியும்?" என்று ஆரம்பித்தான்.

"உன் வாயில மிச்சமிருக்கிற பல்லை எண்ற அளவுக்குத் தெரியும்."

"போதும் போதும். அஞ்சு வரைக்கும் எண்ணினாப் போதும். நாலுல மூச்சு வாங்கி நின்னுடாதே."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஓலீட்டா சிரிக்கவில்லை. "அது எத்தனை காட்டுதோ அத்தனை எண்ணுவேன்," என்றாள்.

"பொறந்ததுலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காத ஜந்து அது. விதையில இருக்கிற ஈரத்தை வச்சே பொழைச்சுக்குது. அதுவா நம்ம வாயில மண்ணைப் போடணும்?" என்றான் வெர்ஜில். இப்போது அவன் குரலில் கிண்டல் இல்லை.

வெளியே வந்து வண்டியில் ஏறியும் ஓலீட்டா சாவியைத் திருப்பாமல் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தாள். "பாரு டெல்ஃபி, அஞ்சுன்னு சொன்னா ஊருக்காகச் சொன்னேம்பாங்க. பர்மிட் குடுக்கிற ஆபீஸ்ல, ஒடானி ஆளுங்ககிட்ட, எல்லார்கிட்டயும் அதான் பேச்சா இருக்கும்."

"அஞ்சா இருந்தா அஞ்சுன்னுதானே சொல்லணும்?"

"சொல்லத்தான் வேணும்," என்றாள். அப்படிச் சொன்னாளே தவிர, மனம் எங்கேயோ இருந்தது.

மாலையில் பொறிகளில் தீனி போட்டுத் திறந்துவைப்போம், விடியும்போது போய்ப் பார்ப்போம். சில நாள் தொடர்ந்து இப்படி. ஒரு முறை பிடித்துப் பார்த்த எலியின் வயிற்றில் பச்சை மார்க்கரால் கோடு போட்டு விடுவது வழக்கம். மறுபடி மாட்டினால் வயிற்றில் பச்சையைப் பார்த்ததும் கையில் எடுக்காமல் திறந்துவிட வேண்டும். அதை வீணாகப் படுத்தக் கூடாது. ஆரம்பத்தில் வந்தவை எல்லாம் அஞ்சு விரல். கொழுத்த மூஞ்சி, பெரிய பாதம், சந்தேகத்துக்கே இடமில்லை. ஓலீட்டா ஒவ்வொன்றையும் அஞ்சு என்று சொல்லும்போதும் அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனதை நான் கவனித்தேன்.

பிறகு ஒரு விடியலில் பனி இறங்கிவிட்டது. எங்கள் பக்கத்துப் பனி தெரியுமே, பக்கத்தில் நிற்கிறவர் குரல் மட்டும்தான் வரும். ஒடானி பொட்டலின் மறுகோடியில் இருந்தாள். நடு வரிசையில் ஒரு பொறி மூடியிருந்தது. நான் பொறி வாயில் துணிப்பையைப் பிடிக்க, ஓலீட்டா எலியை அதில் சாய்த்து, உள்ளே கை விட்டுப் பிடரியைப் பிடித்து எடுத்தாள். சின்னது. குறுகின மூஞ்சி. குளிரில் நடுங்கியது.

இடது கையால் பிடித்தால் எலியின் வலது கால்தான் வாட்டமாக நீட்டிக்கொண்டு வரும். அதை ஊதினாள். மறுபடி ஊதினாள்.

"நாலு," என்றாள்.

"நல்லாப் பாரு," என்றேன்.

"பார்த்துட்டேன். நாலு. போட்டோ எடு."

அந்தக் காலைப் போட்டோ எடுத்தேன். அவள் பச்சைக் கோடு இழுத்தாள், தரையில் வைத்தாள், எலி இரண்டு தாவலில் பனிக்குள் போய்விட்டது. அன்று மத்தியானமே ஒடானி தண்ணீர்க் கமிட்டிக்குத் தகவல் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. வெர்ஜில் கேனை நிரப்பிக் கொடுப்பான், பேச மாட்டான். என் சொந்த மச்சினன் என்னிடம், "உன் சிநேகிதிக்கு எலிதான் சொந்தம்," என்றான். அவனுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. ஜோலீன் அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு பேசாமல் படியேறினாள். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஓலீட்டா சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் என் அடுப்படிக்கு வந்து என் மசாலா டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள்.

"டெல்ஃபி, நான் இடது காலைப் பார்த்தேனா?"

"என்னது?"

"அந்தக் குட்டி. வலது காலை ஊதினேன். இடது காலை ஊதினேனா?"

"நான் பையைப் பிடிச்சிட்டிருந்தேன், அப்புறம் கேமராவைப் பார்த்தேன். எனக்கென்ன தெரியும்? நீ பார்க்காம விடுவியா?"

"ஞாபகம் இல்லை. பார்த்த மாதிரியும் இருக்கு. எத்தனை எலிக்குப் பார்த்திருக்கேன், எதுன்னு தெரியலை." சீரக டப்பாவைத் துடைத்து வைத்தாள், மறுபடி எடுத்துத் துடைத்தாள். "அது குட்டி. அளவு பிரயோசனம் இல்லை. விரல் ஒண்ணுதான்."

"அப்ப ஒடானிகிட்ட சொல்லு."

"என்னன்னு? பார்த்தேனா இல்லையான்னு தெரியலைன்னா? ஊர் பேசாம போனதும் பேச்சை மாத்தறாம்பாங்க." டப்பா கையிலிருந்து நழுவி விழுந்தது. அவள் குனிந்து ஒவ்வொரு சீரகமாகப் பொறுக்கினாள். எனக்குத் திட்ட வாய் வந்தது, அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடியலில் எங்களுக்கு முன்னே போய் நிற்பாள். ஒவ்வொரு பொறியையும் திறக்குமுன் மூச்சைப் பிடிப்பாள். பச்சைக் கோடு போட்டவை மாட்டின, எல்லாம் பெரியவை. அந்தக் குட்டி வரவில்லை. ஆந்தை கொண்டுபோயிருக்கும் என்று நான் நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

கடைசி நாள் பனி இல்லை. வரிசை வரிசையாகப் பொறிகளை மூடிக்கொண்டே வந்தோம். வேலி ஓரத்தில் ஒன்று மூடியிருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். சின்னது, வயிற்றில் பச்சை.

"பச்சை," என்றேன் பழக்கதோஷத்தில். "விட்டுடு."

அவள் விடவில்லை. பைக்குள் சாய்த்து, கையில் எடுத்து, முதலில் வலது காலை ஊதினாள். நாலு. பாதத்தின் உள்பக்கம், விரல் இருக்க வேண்டிய இடத்தில், ரோமம் முளைக்காத ஒரு தழும்பு. பிறகு கையை மாற்றி இடது காலைப் பிடித்து ஊதினாள். நானும் தலையை நீட்டினேன். இருந்தது. நகத்தோடு, குட்டியாக, மேலே ஒதுங்கி நின்றுகொண்டு, அஞ்சாவது விரல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அஞ்சு. ஓலீட்டா, அஞ்சு ஜாதி. குழாய் வந்துடும்டி."

அவள் இன்னும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் பார்க்கலை," என்றாள். "அன்னிக்கு இந்தக் காலை நான் பார்க்கவே இல்லை. ஒடானியைக் கூப்பிடு."

ஒடானி ஓடிவந்து பார்த்தாள். இரண்டு காலையும், பச்சைக் கோட்டையும் சேர்த்துப் படம் எடுத்தாள், குட்டியை விட்டாள். "வளர்ற குட்டி. அஞ்சு விரல் ஜாதிதான். அந்தக் காலுல கடிபட்டுப் போயிருக்கு," என்றாள். பிறகு மெதுவாக, "முதல்ல ஏன் தப்பாச்சுன்னு நான் எழுதணும், ஓலீட்டா. அன்னிக்குப் பனி. குளிர். எலி நடுங்குச்சு. சீக்கிரம் விட வேண்டியிருந்துச்சு. இதெல்லாம் நிஜம்தானே?"

"நிஜம்தான்," என்றேன் நான், முந்திக்கொண்டு. "பனியில என் கையே எனக்குத் தெரியலை."

"பனியில எத்தனை கால் பார்த்திருக்கேன் நான்," என்றாள் ஓலீட்டா. "நாலுன்னு கண்ணுல பட்டதும் அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. இனிமே ஊருக்காகச் சொன்னான்னு ஒருத்தனும் என்னைச் சொல்ல முடியாது. அந்த நிம்மதியில இன்னொரு காலைத் திருப்பலை. அப்படியே எழுதுங்க."

"அப்படி எழுதினா உன் பர்மிட்..." என்று ஒடானி இழுத்தாள்.

"தெரியும்."

"பனின்னு எழுதினாலும் யாருக்கும் நஷ்டம் இல்லையே."

"எனக்கு அது நாலா இருக்கணும்னு இருந்துச்சு. அதுதான் நடந்தது. வேற என்ன எழுதறது?"

ஒடானி நோட்டை எடுத்தாள். கண் கலங்க, ஓலீட்டா சொன்னதை அப்படியே எழுதினாள்.

மேலிடத்திலிருந்து வேறு ஊர் ஆட்களை அனுப்பிப் பொட்டல் முழுதும் மறுபடி பொறி வைத்தார்கள். கிடைத்தது எல்லாம் அஞ்சு. குழாய்க்கு அனுமதி வந்தது. ஓலீட்டாவின் மனு திரும்பி வந்தது. முடிவை முதலில் வைத்துக்கொண்டு விலங்கைப் பார்க்கிறவருக்குத் தனிப் பொறுப்புத் தர முடியாது என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒடானியின் பர்மிட்டின் கீழும் எலியைக் கையில் எடுக்கக் கூடாதாம். பொறி தூக்கலாம், தீனி போடலாம். இப்போது அவள் பையைப் பிடித்துக்கொள்கிறாள், நான் எலியை எடுத்து விரல் எண்ணுகிறேன். நான் எண்ணும்போது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள், கைவிரல்கள் மட்டும் சும்மா இருக்காது. எனக்கு ஊதுவதற்கு மூச்சு வராது.

நல்ல தண்ணீர் வந்த அன்று தீயணைப்புக் கொட்டகையில் விருந்து. வெர்ஜில் கரி அடுப்பில் பெரிய பெரிய இறைச்சித் துண்டுகளைச் சுட்டுக்கொண்டிருந்தான். பீன்ஸ், ரொட்டி, எல்லார் கையிலும் குழாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீர். ஓலீட்டா உள்ளே வந்ததும் கைதட்டினார்கள். வெர்ஜில் முதல் துண்டை வெட்டி அவள் தட்டில் வைத்தான்.

"இவளைப் பார்த்துக்கங்க," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். "நாலை அஞ்சாக்கத் தெரிஞ்ச ஒரே பொம்பளை."

கொட்டகை அதிரச் சிரித்தார்கள். ஓலீட்டா தட்டைக் கீழே வைத்தாள். "நான் ஆக்கலை, வெர்ஜில். அஞ்சு இருந்துச்சு."

"ஆமா ஆமா, இருந்துச்சு," என்று கண்ணடித்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வாயைக் கழுவுடா. நான் பக்கத்துல நின்னேன். என் கண்ணால பார்த்தேன்."

"நீ பார்க்காம இருப்பியா டெல்ஃபினா? நீயும் இந்த ஊர்த் தண்ணிதானே குடிக்கிறே," என்றான். மறுபடி சிரிப்பு. "கவலைப்படாதே. சாகற வரைக்கும் ஒருத்தன் வாயும் திறக்காது. சின்னத் தப்புன்னு எழுதிக் குடுத்து, உன் காகிதத்தையும் விட்டுக்குடுத்து, ஊருக்குத் தண்ணி கொண்டாந்துட்டே, ஓலீட்டா. மறக்க மாட்டோம்."

ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவரிடமும் அவள் "அஞ்சு இருந்துச்சு" என்றாள். ஒவ்வொருவரும் தலையாட்டினார்கள். என்ன ஜனங்கள். திட்டினால் எதிர்த்துத் திட்டலாம், நன்றி சொல்கிறவனை என்ன செய்வது?

ஜோலீன் கைக்குழந்தையோடு வந்து அம்மாவை ஒட்டி நின்றாள். அவள் முகம் அத்தனை பிரியமாக இருந்தது.

"நான் அப்ப உன்கிட்ட பேசாம இருந்தேன்ல, மன்னிச்சிடும்மா," என்றாள் மெல்ல. "நீ அந்தப் பர்மிட்டுக்கு எத்தனை வருஷம் காத்திருந்தேன்னு எனக்குத் தெரியும். இவளுக்காகத்தானே அதை விட்டுட்டே. இவ பெரியவளானதும் சொல்லுவேன்."

"என்னன்னு சொல்லுவே?"

"உனக்காக என் அம்மா ஒரு பொய் சொன்னான்னு."

ஓலீட்டா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன், அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"நான் பொய் சொல்லலை, ஜோ."

"சரிம்மா," என்றாள் ஜோலீன், அம்மாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி. "சொல்லலை."